மொட்டை மாடியில் மீன் பொரிக்க ஓர் அடுப்பு

ஜூன் 20, வெள்ளி

காலையில் வெயில், சாயங்காலம் ஆனிக் காற்று. மாடியில் காயப்போட்ட துணி பாதி பக்கத்து வீட்டில்.

அம்மா இன்றும் இரண்டு வாய் கஞ்சியோடு சரி. எடை இன்னும் இறங்கினால் புதன்கிழமை கீமோ ஊசி போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மத்தியானம் கீழ்பென்னாத்தூர் சித்தியிடம் போனில் அம்மா: "போதும்னு இருக்குடி." என் காதில் விழுந்தது அவளுக்குத் தெரியாது. எரிச்சலாக இருந்தது. பயம் என்று எழுதினால்தான் சரி.

அப்புறம் தானாகவே கேட்டாள், மீன் வறுவல். சாத்தனூர் டேமில் அடுப்பு பக்கத்தில் நின்று சுடச்சுடத் தின்றோமே, அது மாதிரி. வீட்டுக்குள் பொரித்தால் எண்ணெய்ப் புகைக்கே அவளுக்குக் குமட்டும். மாடியில்தான். கீழ்வீட்டில் ஹவுஸ் ஓனர் அம்மா, சுத்த சைவம். தியானத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு ரூம் விடுகிறார். போய்க் கேட்டேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. வாசனை கீழே வரக் கூடாதாம். அதைக் காற்றிடம் யார் சொல்வது?

ஜூன் 21, சனி

தேரடி வீதி, பாத்திரக் கடை.

கரி அடுப்பு: புகை. ஓனர் அம்மா அன்றைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்.
இண்டக்‌ஷன்: காற்றுக்கு அசையாது. மாடியில் பிளக் இல்லை.
ஒற்றை பர்னர், சின்ன சிலிண்டர்: சரி, இதுதான்.

வீட்டு தோசைக்கல்லைத் தொடக் கூடாது. கவுச்சி பட்ட கல்லில் சுட்டால் கிருத்திகைக்கு அம்மா தோசை தின்ன மாட்டாள். எனக்கு விவரம் தெரிந்து அவள் கிருத்திகை விரதத்தை விட்டதே இல்லை, ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம்கூட. கடைக்காரர் நான்ஸ்டிக்கைக் காட்டினார், எண்ணெய் கம்மியாகப் போதுமாம். மீனுக்கு எண்ணெயில் கஞ்சத்தனமா? வார்ப்பிரும்புக் கல், நடுவில் லேசாகக் குழிந்தது. தூக்கி வந்ததில் தோள்பட்டை போச்சு.

மாடியில் கல்லைப் பழக்கினேன். கடலை எண்ணெய் தடவி, வெங்காயம் வதக்கி. கட்டிலில் இருந்தபடியே அம்மா, வெங்காயம் கருகுகிறது என்றாள். மூக்கு வேலை செய்கிறது. நல்லது.

ஜூன் 22, ஞாயிறு

படுதோல்வி. காற்றில் தீ நாலா பக்கமும் ஆடிற்று, கல் சூடேறவே இல்லை. மீனின் தோல் கல்லில், சதை கரண்டியில். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள், பிறகு படுக்கணும் என்று இறங்கிவிட்டாள். ஒரு வாய் தின்னவில்லை. கல்லைத் தூக்கி எறியலாம் போல ஆத்திரம்.

ஓனர் அம்மா படியடியில் நின்று மேலே பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 23, திங்கள்

லீவு போட்டேன். மளிகைக் கடையில் காலி எண்ணெய் டின் வாங்கி, வெட்டி, அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் தடுப்பு. விரலில் வெட்டு. தீ ஆடவில்லை.

சங்கரா. மிளகாய்த்தூள் கம்மி, அம்மாவுக்கு வாய்ப்புண். கல் நன்றாகக் காய்ந்த பிறகே மீன். அது தானாகக் கல்லை விடும்வரை திருப்பவில்லை. ஒட்டாமல் வந்தது. அம்மா ஒரு துண்டை எடுத்து முள் பார்க்க ஆரம்பித்தாள்.

படியில் காலடி. ஓனர் அம்மா. வீடு போச்சு என்றுதான் நினைத்தேன். வாசனையைப் பற்றி அவர் பேசவே இல்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாக, "இன்னைக்குக் கிருத்திகை ஆச்சேம்மா. உங்க அம்மா ஒரு பொழுது இருப்பாங்களே, மறந்துட்டீங்களோன்னு வந்தேன்," என்றார்.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் காலண்டர் ஒரு வாரமாகக் கிழிக்காமல் தொங்குகிறது. அம்மா கையில் மீன். தட்டைப் பிடுங்குவதா? கரண்டியோடு நின்றேன்.

முள்ளை எடுத்தபடியே அம்மா சொன்னாள்: "எனக்குக் காலையிலயே தெரியும். முருகன்கிட்ட சொல்லிட்டேன். புதன்கிழமை ஊசி போட்டுக்கணும், நான் சாப்பிடறேன்னு."

வாயில் போட்டு மென்றாள். ஓனர் அம்மா இறங்கிப் போனார். எனக்கு அழுகை முட்டியது, எண்ணெய் தெறித்தது என்று சொல்லிச் சமாளித்தேன்.

"அடுத்ததைத் திருப்புடி, கருகுது."