மீதிப் பாடம் யாருக்கு?

பாய், இன்று காலை ஸ்டாஃப் ரூம் பீரோவைத் திறந்தேன். நீங்கள் வெல்டிங் வைத்த கீல் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு விரலால் இழுத்தாலே கதவு வருகிறது. ஒரு காலத்தில் அதைச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தோம் என்று சொன்னால் புதிதாக வந்த டீச்சர்கள் சிரிக்கிறார்கள். சாக்பீஸ் பெட்டி தேடப் போய், உங்கள் மகள் ரிஸ்வானா பத்தாவது படித்த வருடத்து ஸ்பெஷல் கிளாஸ் ரெஜிஸ்டர் கையில் அகப்பட்டது. அவள் பெயருக்கு நேரே மூன்று சிவப்புக் கோடுகள். மூன்றும் நான் போட்டவை. அதற்கு அடியில் பச்சை அட்டைப் புத்தகம் ஒன்றும் கிடந்தது.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்களிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வருடம் பரீட்சை நெருக்கத்தில் நோன்பு வந்தது. பத்தாவது பிள்ளைகளுக்கு மாலை நாலரையிலிருந்து ஆறரை வரை ஸ்பெஷல் கிளாஸ். ரிஸ்வானாவும் உங்கள் தெருப் பிள்ளைகள் நான்கு பேரும் நோன்பு திறக்க வேண்டும் என்று ஐந்தே முக்காலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். போர்டில் பாதிக் கணக்கு நிற்கும்போது பெஞ்சு இழுபடுகிற சத்தம் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கணக்கு டீச்சர் கோபக்காரி என்று ஊருக்கே தெரியும், நானும் அதை மறைத்ததில்லை. மூன்று நாள் பாதியில் கிளம்பினால் ‘மினிமம் பேட்ச்’ என்று ஒரு ரூல் இருந்தது. எச்.எம். ரூம் வாசலில் நோட்டீஸாகவே ஒட்டியிருந்தது. அந்த பேட்ச்சுக்குப் பாடப்புத்தகம் கிடையாது. பச்சை அட்டை போட்ட ஜெராக்ஸ் புத்தகம்தான். பாஸ் மார்க் வாங்க எது போதுமோ அது மட்டும் அதில் இருக்கும். அரையாண்டில் எழுபத்திநாலு வாங்கியவளை நான் அதில் உட்கார வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் நீங்கள் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றீர்கள். சட்டைக் கையில் தீப்பொறி பட்டுச் சின்னச் சின்ன ஓட்டைகள். பின்னால் ரிஸ்வானா, தலையைக் குனிந்துகொண்டு. இடம் தெரியாமல் வந்துவிட்டீர்கள் என்று நினைத்து, “எச்.எம். ரூம் அந்தப் பக்கம் பாய்” என்று கை காட்டினேன்.

“இல்ல டீச்சர், உங்களைத்தான் பாக்க வந்தேன்.”

பாடப்புத்தகத்தையும் பச்சைப் புத்தகத்தையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். “நான் அஞ்சாங்கிளாஸோட நின்னவன். படிச்சுப் பாத்தா எனக்கு வெளங்காது. தொட்டுப் பாத்தா தெரியுது. இது இவ்ளோ தடியா இருக்குது, இது ரொம்பக் கம்மியா இருக்குது. மீதிப் பாடம் யாருக்கு டீச்சர்?”

“சாயங்காலம் இவ இருக்கறதே இல்லையே பாய். பாஸ் பண்ணிட்டா போதும்ல? எப்படியும் அடுத்து கல்யாணம்தானே பண்ணப் போறீங்க?”

இதை நான் குத்தலாகச் சொல்லவில்லை. அக்கறையாகச் சொல்வதாகவே நினைத்தேன். அதை நினைத்தால்தான் இப்போது கூச்சமாக இருக்கிறது.

உங்களுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நீங்களோ சந்தேகம் கேட்கிற மாதிரி, “யாரு சொன்னது?” என்றீர்கள். “நான் சொல்லல. ஏம்மா, நீ சொன்னியா?” ரிஸ்வானா இல்லையென்று தலையசைத்தாள். “இவளுக்கு ஃபர்ஸ்ட் குரூப் வேணுமாம். கம்ப்யூட்டர் படிக்கணுமாம். அப்ப கல்யாணம்னு யாரு டீச்சர் சொன்னது?”

யாரும்தான் சொல்லவில்லை. ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது “அந்தத் தெருப் பொண்ணுங்கதானே” என்று யாராவது ஆரம்பிப்பார்கள், மற்றவர்கள் தலையாட்டுவோம். வருடக்கணக்காகத் தலையாட்டியதில் அது எனக்குத் தெரிந்த சேதி மாதிரி ஆகிவிட்டிருந்தது.

அப்புறம் பௌர்ணமிப் பேச்சை எடுத்தீர்கள். அது முந்தின வாரம்தான் வந்து போயிருந்தது. கிரிவலக் கூட்டத்தில் பஸ் நகராது, அந்தப் பாதையிலேயே இருக்கிற அடி அண்ணாமலைப் பிள்ளைகளுக்கு வீட்டுக் கடையில் வேலை இருக்கும் என்று பௌர்ணமியன்று நாலு மணிக்கே எல்லோரையும் அனுப்பிவிடுவோம். அன்று யார் பெயரிலும் சிவப்புக் கோடு விழாது. அந்தக் கடைகளில் பாதிக்குக் கம்பிச் சட்டம் அடித்துக் கொடுத்தவரே நீங்கள்தான்.

“பௌர்ணமிக்கு விடுறது சரிதான், விடத்தான் வேணும். மறுநாள் இவ கெளம்பினா மட்டும் ஏன் கோடு? நோன்புக்கு இவங்க விடியறதுக்கு முன்னாடியே எழுந்துடறாங்க டீச்சர். காலையில கிளாஸ் வெச்சீங்கன்னா ஓடியாருவாங்க.”

“ரூல் அப்படி இருக்கு பாய். நான் என்ன பண்றது?” என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். “ஆமா, ரூலு. நீங்க என்ன பண்ணுவீங்க” என்றீர்கள். போகும்போது கயிறு கட்டிய பீரோவைப் பார்த்து, “இது என்ன கோலம்?” என்று சிரித்தீர்கள். இரண்டு நாள் கழித்து மெஷினோடு வந்து கீலைச் சரிசெய்துவிட்டுப் போனீர்கள்.

அந்த வாரமே காலை ஏழரைக்கு கிளாஸ் ஆரம்பித்தேன். உங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்து பேரும் எனக்கு முன்னாலேயே வந்து நிற்பார்கள். மாலையில் தூங்கி வழிகிற அடி அண்ணாமலைப் பிள்ளைகள் சிலரும் வந்து ஒட்டிக்கொண்டார்கள். ஆனால் நாள் போதவில்லை. முக்கோணவியல் பச்சைப் புத்தகத்தில் இல்லாததால் மற்றவர்கள் அதைப் படித்த மூன்று வாரமும் ரிஸ்வானா அதைத் தொடவே இல்லை. பரீட்சையில் அந்தக் கணக்குகளை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். கணக்கில் அறுபத்தாறு. ஃபர்ஸ்ட் குரூப் லிஸ்ட் எழுபதோடு நின்றுவிட்டது. எச்.எம்.மிடம் போய்க் கெஞ்சினேன், சத்தமும் போட்டேன். “ரூல்னா ரூல்தான் டீச்சர்” என்றார். நல்லா வேணும் எனக்கு.

ரிஸ்வானா காமர்ஸ் குரூப்பில் சேர்ந்தாள். இப்போது பி.காம். நன்றாகத்தான் படிக்கிறாள். ஆனால் அவள் கேட்டது அதையில்லை, பாய். அந்த நாலு மார்க் என்னால் போனது.

அட்மிஷன் அன்று நீங்கள் எனக்கு நன்றி சொன்னீர்கள். “நீங்க காலையில வந்து உசுரக் குடுத்து சொல்லிக் குடுத்தீங்க. ரூலுதான் எங்களுக்கு ஒத்து வரல.” நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். மீட்டிங்கில் எழுந்து அந்த ரூலைச் சொன்னவளே நான்தான். ஸ்கெட்ச் பேனாவில் நோட்டீஸ் எழுதியதும் நான்தான். எச்.எம். அடியில் கையெழுத்து மட்டும் போட்டார். உங்கள் பட்டறையைத் தாண்டும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். “வாங்க டீச்சர்” என்று நீங்கள் சிரித்ததும் வாய் வராது. கடைசியில் நீங்கள் மவுத்தான செய்திதான் வந்தது.

இப்போது உங்கள் சின்னவள் நஸ்ரீன் என்னிடம் பத்தாவது படிக்கிறாள். இந்த வருடமும் பரீட்சைக்கு முன்னால் நோன்பு. காலை கிளாஸ் நடக்கிறது, மினிமம் பேட்ச்சும் ஒழிந்தபாடில்லை. போன வாரம் புது டீச்சர் ஒருத்தி அதற்கு லிஸ்ட் எழுதிக்கொண்டு வந்தாள். நஸ்ரீன் பெயர் நாலாவதாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். “அவங்க வீட்ல மேல படிக்க வைக்க மாட்டாங்க மேடம்.” “யாரு சொன்னது?” என்றேன். அன்று நான் முழித்த மாதிரியே அவளும் முழித்தாள். பேனாவை வாங்கி நஸ்ரீன் பெயரை அடித்தேன். மற்றப் பெயர்களுக்கும் அதே கேள்வியைக் கேட்டேன். லிஸ்ட் பாதியாகிவிட்டது.

இன்று மத்தியானம் நஸ்ரீன் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட ரிஸ்வானா வந்திருந்தாள். காலையில் ரெஜிஸ்டரைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று, “அந்த ரூலைப் போட்டது நான்தான்மா” என்றேன்.

“தெரியும் மிஸ்” என்றாள். “நோட்டீஸ்ல இருந்தது உங்க எழுத்துதானே? தினம் என் நோட்டுல பாக்குற எழுத்து. உங்களைப் பாக்க வர்றதுக்கு முன்னாடியே அத்தாகிட்ட சொல்லிட்டேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“எச்.எம். ரூமுக்கெல்லாம் வேணாம், போட்டவங்களாலதான் மாத்த முடியும், நேரா அவங்ககிட்டயே போலாம்னாரு.”

இடம் தெரியாமல் வந்துவிட்டீர்கள் என்று கை காட்டினேனே, பாய். நீங்கள் சரியான வாசலில்தான் நின்றிருக்கிறீர்கள். எல்லாம் தெரிந்தே, “நீங்க என்ன பண்ணுவீங்க” என்று என் மானத்தையும் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

நாளைக் காலை ஏழரைக்கு முக்கோணவியல் ஆரம்பிக்கிறேன். தடிப் புத்தகத்தைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், நஸ்ரீனை.