தலைவர் வரும்வரை பேசியவளுக்கு

மகளுக்கு இருமல். மிளகைத் தட்டிப் பனங்கற்கண்டோடு கொதிக்கவிட்டேன். ஆவி எழுந்ததும் உன் நினைவு வந்துவிட்டது. மேடை ஏறும் நாளெல்லாம் பிளாஸ்கில் இதைத்தானே கொண்டுபோவாய்? காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவே இல்லை. உனக்கு எழுத எனக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

கல்லூரியில் உன் குரலைப் பட்டினப்பாக்கத்து மீன்கடைக் குரல் என்று கேலி செய்தார்கள். அந்தக் குரல்தான் உன்னைக் கட்சிப் பேச்சாளராக்கியது. ஆனால் தலைவர் வரும்வரை கூட்டத்தைப் பிடித்துவைப்பது மட்டுமே உன் வேலை. கார் வந்துவிட்டால் பாதி வாக்கியத்தில் இறங்கிவிட வேண்டும். எனக்குத்தான் கோபம் வரும். நீ சிரிப்பாய்.

"ராஜா காலத்துல முன்னாடி கட்டியக்காரன் கூவிக்கினு போவான் இல்ல? அவன்தாண்டி நானு. ராஜா வந்துட்டா நான் அப்பீட்டு!"

அந்த மயிலாப்பூர்க் கூட்டத்துக்குக் கைக்குழந்தையோடு வந்திருந்தேன். ஜெனரேட்டர் நின்றது. மேடையில் விளக்கும் இல்லை, மைக்கும் இல்லை; தெருவிளக்கு வெளிச்சம் மட்டும். தலைவர் வந்துட்டார் என்று யாரோ கத்த, பின்னாலிருந்து நெருக்கினார்கள். சவுக்குக்கட்டைத் தடுப்பு என் விலாவில் அழுந்தியது. குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கினேன். கத்தக்கூட மூச்சில்லை.

அப்போது உன் குரல் வந்தது, பதற்றமே இல்லாமல்.

"கடைசில நிக்கிற ஹெல்மெட்டு நைனா! நீ மொதல்ல உக்காரு. தலைவரு இன்னும் வரல. வந்தா என்னைத்தான மொதல்ல எறக்கி வுடுவாங்க!"

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து வரிசை வரிசையாக உட்கார்ந்தது. எனக்கு மூச்சு வந்தது. விளக்கு வந்தது, காரும் வந்தது. சொல்லவந்ததை விட்டுவிட்டுப் பின்படியில் இறங்கிவிட்டாய்.

படைக்கு முன் நின்று பேசிய அரசர்களையும் நாட்டையே கிளர்ந்தெழச் செய்த தலைவர்களையும் பற்றிப் படித்தோமே, உட்காரவைத்த பேச்சைப் பற்றி ஒரு பாடமாவது இருந்ததா?

மேடைக்குப் பின்னால் உன்னைக் கட்டிக்கொண்டேன். உனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"எங்களப் பாத்தியாடி?"

"பாப்பா காலு மட்டும் மேல தெரிஞ்சுது. ஆயிரம் பேராண்ட எவ பேசுவா? அந்தக் காலு கீழ எறங்குற வரிக்கும் பேசுனேன்."

இப்போது தொலைக்காட்சியில் யார் முழங்கினாலும், இவர் கூட்டத்தில் யாரைப் பார்க்கிறார் என்றுதான் தேடுகிறேன். பெரும்பாலும் கேமராவைத்தான் பார்க்கிறார்கள்.

கூட்டமென்றால் எனக்கு இன்னும் பயம்தான். போகவேண்டி வந்தால் மகளைத் தோளில் ஏற்றிக்கொள்கிறேன், மேடையில் நிற்பவர் கண்ணில் படும்படி.