ஒரு விலாசம் மட்டும் கேட்ட படிவம்

வெள்ளவத்தை,
25.11.2007

அன்பு மகள் சுகந்தினிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும், அப்பாவுக்கு இருமல் விடவில்லை, எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, இந்த இரண்டையும் தவிர்த்தால் சுகம்தான். நீயும் சின்னம்மாவும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டுவிட்டு வந்துதான் பேனையை எடுத்தேன், பிள்ளையாருக்கும் என் முகத்தைப் பார்த்து அலுத்துப்போயிருக்கும். சனிக்கிழமை தவறாமல் போனில் கதைக்கிறோமே, பிறகென்ன கடிதம் என்று நீ யோசிப்பாய். போன வருடம் சண்டையால் பாதை பூட்டி நீ யாழ்ப்பாணத்தில் சின்னம்மா வீட்டில் அகப்பட்டுப்போன நாளிலிருந்து இன்றுவரை நான் உனக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை, நீயும் எழுதியதில்லை. கடிதம் போய்ச் சேர ஒரு மாதம், போனில் அடுத்த நிமிடம் உன் குரல் கேட்கும் என்று சோம்பேறிகளாய் இருந்துவிட்டோம். ஆனால் இதைப் போனில் சொல்ல முடியவில்லை. யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்ற பயம் ஒன்று, உன் குரலைக் கேட்டால் எனக்குத் தைரியம் போய்விடும் என்பது மற்றது. மூன்று சனிக்கிழமை சொல்ல வாயெடுத்து, மூன்று தடவையும் பாண் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். நாங்கள் விண்ணப்பம் போட்ட ஐந்து வெளிநாட்டுக் கல்லூரிகளில் ஒன்று உனக்கு இடம் தருவதாக எழுதியிருக்கிறது. புள்ளிவிபரவியல், நீ ஆசைப்பட்டதேதான். போன கிழமை தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார், தடித்த உறை, உன் பெயர் முழுதாக, அதற்குக் கீழே எங்கள் பிளாட் இலக்கம். வேறு வீடாக இருந்தால் அன்றைக்குப் பாயசம் வைத்திருப்பார்கள். அப்பா வாசித்துவிட்டு மேசையில் வைத்தார், நான் அதற்கு மேல் பழைய பேப்பரைப் போட்டு மூடினேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், கோபப்படாமல் கடைசிவரை வாசி.

காலி வீதியில் புத்தகக் கடைக்கு மேலே இன்டர்நெட் கடை வைத்திருக்கிற நிலாமைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், பொறுமையான மனிதர், என்னைப் பொறுத்துக்கொண்டாரே. செப்டம்பரில் அவருடைய கடையில்தான் உன் விண்ணப்பத்தைப் போட்டோம். விண்ணப்பம் அனுப்ப எங்களுக்கு முன்னால் இரண்டு இணையத்தளங்கள் இருந்தன. ஒன்றில் ஒரே படிவத்தை நிரப்பினால் போதும், ஐந்து கல்லூரிக்கும் தானாகப் போய்விடும், கேள்வியும் குறைவு. மற்றதில் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும், பக்கம் பக்கமாகக் கேள்வி. இப்போது எங்கே இருக்கிறாய், எவ்வளவு காலமாக இருக்கிறாய், கடிதத்தை வேறு விலாசத்துக்கு அனுப்ப வேண்டுமா, படிப்பு இடையில் நின்றதா, நின்றால் ஏன் என்று விளக்கம் எழுத அரைப்பக்க வெறும் கட்டம். அப்பாவுக்கு இந்த இரண்டாவதுதான் பிடித்தது. உனக்குத் தெரியும்தானே, முப்பது வருடம் காணி வரைபடம் கீறின மனிதர், எல்லைக்கல் நாலும் தெரியாமல் ஒன்றையும் நம்பமாட்டார். பிள்ளை இருக்கிற இடம் வேறு, கடிதம் வர வேண்டிய இடம் வேறு, இரண்டையும் எழுத இடம் இருக்கிற படிவம்தான் எங்களுக்குச் சரி என்றார். நான் நிலாமுக்கு முன்னாலேயே அவரைப் பிடித்து ஏசினேன். இவ்வளவு கேள்வி கேட்கிறவன் இடம் கொடுக்கவா கேட்கிறான், பிடிக்கத்தான் கேட்கிறான் என்றேன். எத்தனை சோதனைச் சாவடியில் நின்று பழகிவிட்டோம், கேட்டதற்கு மேல் ஒரு சொல் சொல்லக் கூடாது என்பது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. ரெண்டும் நல்லதுதான் மிஸ், ஆனா அந்தப் பெரிய படிவத்துல பிள்ளைட வாயாலயே சொல்றதுக்கு எடம் இருக்கு என்று நிலாம் சொன்னார். அதையும் நான் காதில் போடவில்லை.

கொள்ளுப்பிட்டிக் கந்தோரில் இருபத்தாறு வருடம் தட்டச்சு அடித்த விரல் அல்லவா, கேள்வி குறைந்த முதல் தளத்திலேயே, யாரையும் தொடவிடாமல் நானே அடித்தேன். உன்னைப் பற்றி எழுத வேண்டிய பகுதியை நீ போனில் சொல்லச் சொல்ல எழுதி வைத்திருந்தேன், பாதியில் லைன் அறுந்துபோனதால் மிச்சத்தை நானே உன் பெயரில் எழுதினேன், அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன். பிறகு விலாசம் வந்தது. ஒரே ஒரு கட்டம். யாழ்ப்பாண விலாசத்தைப் போட்டால் அவர்களுடைய பதில் எந்தக் கப்பலில் ஏறி எந்த மாதம் உன் கைக்கு வரும்? எங்கள் விலாசத்தைப் போட்டேன். அடுத்த கட்டம், யாருடன் வசிக்கிறாய் என்று கேட்டது. பெற்றோருடன் என்று அடித்தேன். உண்மையைச் சொல்கிறேன் மகள், அதை அடித்தபோது எனக்கு நல்ல சந்தோஷமாக இருந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு நீ வீட்டுக்கு வந்துவிட்டாய் போல இருந்தது. அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். படிவத்தை அனுப்பிவிட்டு ஒரு பிரதி எடுத்து வந்து ஷோகேஸ் லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தேன், அடிக்கடி எடுத்து வாசிக்கலாம் என்று.

ஒக்டோபர் பதினான்காம் திகதி, ஞாயிறு காலை, பொலிசார் எங்கள் ஒழுங்கையை வளைத்து வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். அது இங்கே புதிதில்லை. பொலிசில் பதிந்த வீட்டாட்களின் பட்டியலை நீட்டினோம், இரண்டு பெயர், இரண்டு அடையாள அட்டை, இரண்டு ஆள், முடிந்தது என்று நான் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைக்கப் போனேன். வந்தவர்களில் பெரியவர் லாச்சியைத் திறந்து அந்தப் பிரதியை எடுத்தார். ஆங்கிலம் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர், எங்கள் கெட்ட காலம். பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் யாழ்ப்பாணம், வசிப்பது இதே இலக்கத்தில், பெற்றோருடன். கோ மே லமயா என்று கேட்டார், எங்கே இந்தப் பிள்ளை என்று. கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள், குளியலறையில் பார்த்தார்கள், உன் பழைய பள்ளிக்கூடச் சட்டைகள் இருக்கிற பெட்டியையும் கொட்டினார்கள். அப்பா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாம் சொன்னார், பிள்ளை யாழ்ப்பாணத்தில், பாதை பூட்டுப்பட்டு விட்டது, அனுமதி கிடைக்கவில்லை என்று. அந்த ஆள் சத்தம் போடவில்லை, கை ஓங்கவில்லை. பட்டியல் பொய்யா இந்தப் பேப்பர் பொய்யா, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். அப்பா என்னைப் பார்த்தார். பேப்பர்தான் பொய், நான்தான் எழுதினேன் என்றேன். படிப்பிக்கிற இடத்துக்கே பொய் எழுதுகிற பெண் பொலிசுக்கு உண்மை எழுதுவாளா என்று கேட்டார். அவர் கேட்டதில் என்ன பிழை?

அப்பாவைக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளைப் பற்றி அவர் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. மேல் மாடியில் இருக்கிற வீட்டுக்காரர் மஜீட் ஹாஜியார்தான் போய்ப் பொறுப்பு நின்றார், இவங்கட வாசல்ல ரெண்டு சோடி செருப்புத்தான், மூணாவது சோடிய நான் கண்டதில்ல என்று சொன்னாராம். அதனால் விட்டார்கள். ஆனால் கோப்பை மூடவில்லை. நீ அங்கேதான் இருக்கிறாய் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். அங்கே ஊர்ப் பதிவு பார்க்கிற விதானையாரிடம் கடிதம் எடுத்துத் தரட்டுமா என்று அப்பா கேட்டாராம், அது யாரும் எடுக்கலாம் என்று தள்ளிவிட்டார்கள். தூரத்தில் பிள்ளை இருக்கிறாள் என்கிறீர்கள், அவள் வீட்டுக்கு எழுதின கடிதம் ஒன்றாவது காட்டுங்கள் என்றார்களாம். நாங்கள் கையை விரித்தோம். நீ கதைப்பது அங்கே ஒரு கொமியூனிகேஷன் கடையிலிருந்து, அதற்கு உன் பெயரில் ஒரு துண்டும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அப்பா ஸ்டேசனுக்குப் போய்க் கையெழுத்து வைக்கிறார். அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினால்தான் விசாரணை முடியும் என்பது கடைசிச் சொல்.

இனிச் சொல்லப்போவதைத்தான் மூன்று கிழமையாக விழுங்கிக்கொண்டிருந்தேன். நீ பயண அனுமதிக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தாய். முதல் இரண்டு முறை கிடைக்காததற்கு வரிசை காரணம், அது உண்மை. இந்த மாதத் தொடக்கத்தில் உன் பெயர் பட்டியலில் வந்து பிறகு வெட்டுப்பட்டதே, அதற்கு வரிசை காரணமில்லை. விதானையாரின் கடிதத்துத் திகதியைப் படிவத்தில் பிழையாக எழுதிவிட்டேன், என்னால்தான் போய்விட்டது அம்மா என்று நீ போனில் அழுதாய். நான் ம் கொட்டிக்கொண்டிருந்தேன். உன்னில் ஒரு பிழையும் இல்லை. கொழும்பில் நீ வந்து நிற்கப்போகிற விலாசத்தைப் பற்றி அங்கேயிருந்து இங்கே கேட்டிருக்கிறார்கள், அந்த விலாசத்தில் இந்தப் பெயரில் விசாரணை முடியவில்லை என்று இங்கேயிருந்து பதில் போயிருக்கிறது. அடுத்த ஞாயிறு கையெழுத்து வைக்கப் போனபோது அந்தப் பெரியவரே அப்பாவிடம் சொன்னார், மறைக்கவில்லை. நீ இங்கே வராமல் விசாரணை முடியாது, விசாரணை முடியாமல் நீ இங்கே வர முடியாது. பிள்ளையைக் கொண்டுவா என்று என்னிடம் கேட்கிறார்கள். ஒன்றே கால் வருடமாக நான் ஊரெல்லாம் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றைத்தானே. உன்னை அங்கே கட்டிப்போட்டது பாதை மாத்திரமில்லை மகள், உன் அம்மா அடித்த ஒரு வரியும்தான்.

கிருலப்பனையில் இருக்கிற தியாகராசா வக்கீலிடம் போனோம். அந்தத் தளத்தில் விலாசத்தை மாற்றிவிடலாமா என்று கேட்டேன், இப்போது மாற்றினால் அத்தாட்சியை அழித்ததாகிவிடும், கையை வைக்காதீர்கள் என்றார். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொள்வதாக இருந்தால் மேலே எழுதியதெல்லாம் உண்மை என்று இன்னொரு தரம் உறுதி சொல்ல வேண்டுமாம், உன் பெயரில். ஜனவரி முடிவுவரைக்கும் தவணை. அது வேண்டாம் என்றால் மற்றத் தளம் இருக்கிறது, அப்பா சொன்னது, ஜனவரி பதினைந்துவரை திறந்திருக்கும். அங்கே இருக்கிற இடத்தையும் எழுதலாம், கடிதம் வர வேண்டிய இடத்தையும் எழுதலாம், ஏன் இரண்டும் வேறு என்றும் எழுதலாம். ஆனால் அங்கே இடம் கிடைக்குமா என்று யாருக்குத் தெரியும், கையில் இருக்கிறதையும் விட்டுவிட்டு நிற்க நேரிடும். எதைத் தெரிவு செய்தாலும் விசாவுக்கு நீ நேரில் கொழும்புக்கு வர வேண்டும், வர வழியில்லை. இரவல் நம்பிக்கை ஏதாவது இருந்தால் உனக்கு அனுப்பியிருப்பேன், வீட்டில் ஒரு சொட்டும் இல்லை. நிலாம் மட்டும் கடை வாசலில் கண்டால் அல்லாஹ் வழிவிடுவான் மிஸ் என்று சொல்கிறார், நான் தலையை ஆட்டிவிட்டு வருகிறேன்.

இந்த முறை நான் தெரிவு செய்யமாட்டேன். உனக்காக எழுதி எழுதி உன்னை எந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன் என்று பார். நீயே யோசி. போனில் விபரம் ஒன்றும் கதைக்காதே. கிடைத்ததையே எடுக்கிறது என்றால் அப்பாவிடம் ஓம் என்று மட்டும் சொல், புதிதாக எழுதுகிறது என்றால் வேண்டாம் என்று மட்டும் சொல். என்னோடு கதைக்க மனமில்லாவிட்டால் கதைக்காதே, அப்பாவிடமிருந்து கேட்டுக்கொள்கிறேன். அவர் இதுவரை ஒரு நாளும் நான் சொன்னேனே என்று சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

இந்தக் கடிதத்தை வழியில் யாராவது பிரித்து வாசித்தால் வாசிக்கட்டும், ஒரு பொய்யும் இல்லாமல் நான் எழுதியது இந்த வருடத்தில் இது ஒன்றுதான். சின்னம்மாவிடம் இதைக் காட்டு, அவளுக்கும் தெரிய வேண்டும். அடையாள அட்டை இல்லாமல் படலையைத் தாண்டாதே, கொதித்தாறின தண்ணீரையே குடி, புத்தகங்களை மூடி வைத்துவிடாதே, எந்தத் தளத்தில் எழுதினாலும் கணக்கு நீதான் செய்ய வேண்டும். நீ எங்கே இருந்தாலும் ஒரு துன்பமும் அண்டாமல் நீடூழி வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

ஒன்றை மறந்துவிடாதே. இது கிடைத்த அன்றைக்கே பதில் எழுது. ஏசி எழுதினாலும் பரவாயில்லை, வெறும் தாளை மடித்து வைத்தாலும் பரவாயில்லை. ஆனால் உறையில் உன் கையால் விலாசம் எழுதி, அனுப்புபவர் என்ற இடத்தில் சின்னம்மா வீட்டு விலாசத்தை முழுதாக எழுதி, தபால் கந்தோரில் நின்று முத்திரை தெளிவாக விழுகிறதா என்று பார்த்துப் போடு. அதைப் பிரிக்காமல் அப்படியே அப்பா ஸ்டேசனுக்குக் கொண்டுபோவார். நீ எங்களுடன் இல்லை என்று காட்ட எங்களிடம் வேறு ஒன்றும் இல்லை.

உன் அம்மா,
தி. பாலேஸ்வரி