சாமி படம் போட்ட பத்திரிகைகள்

எதையும் தூக்கிப் போட மனம் வராத என் தங்க அம்மாவுக்கு,

உன் அறையை ஒழித்துவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

நீ போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. திருநகர் வீட்டைக் காலி செய்தபோது, உன் சாமான் ஒன்றைக்கூட விட மனசில்லாமல் எல்லாவற்றையும் வேனில் ஏற்றி விளாங்குடிக்குக் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. ஒன்றில் நானும் உன் மருமகனும். இன்னொன்றில் நீ. அதாவது உன் அண்டாக்கள், மூடி இல்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள், இற்றுப்போன குக்கர் வளையங்கள். பிளஸ் ஒன் படிக்கும் கயல் ஹாலில், டிவிக்கு முன்னால் பாயை விரித்துப் படித்தாள்.

போன மாதம் அவள் கேட்டேவிட்டாள். “அம்மாச்சிதான் செத்துப் போயிட்டாங்களேம்மா. அவங்களுக்கு எதுக்கு ரூமு?” அடிக்கக் கையை ஓங்கினேன். ஆனால் அவள் கேட்டதில் என்ன தப்பு?

மறுநாளே ஆரம்பித்தோம். டப்பாக்கள் போனபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் கட்டில் போனபோது மட்டும் அழுதேன். கடைசியில் மிஞ்சியது இரண்டு சாக்குப் பத்திரிகை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பால் காய்ச்சு என்று ஊரில் யார் வைத்த பத்திரிகையும் அதில் இருந்தது. “சாமி படம் போட்டிருக்குடி, குப்பையில போட்டா குடும்பத்துக்கு ஆகாது” என்பாய். வைகையில் விடலாம் என்றால் அதில் தண்ணீர் ஓட வேண்டுமே! நானும் கயலும் ஆளுக்கொரு கத்தரிக்கோலோடு உட்கார்ந்து பிள்ளையாரையும் முருகனையும் தனியாக வெட்டினோம். சாமிகளை வாளித் தண்ணீரில் ஊறவைத்துச் செம்பருத்திக்கு ஊற்றினோம். மீதி பழைய பேப்பர்காரருக்கு.

“அம்மா, இது பாண்டித் தாத்தா வீட்டுப் பத்திரிகை” என்று கயல் ஒன்றை நீட்டினாள்.

அம்மா, எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டது. உன் தம்பி, என் பாண்டி மாமா, திருமங்கலத்தில் வீடு கட்டிப் பால் காய்ச்சியதற்கு அடித்த பத்திரிகை. நாலு மூலையிலும் மஞ்சள். உறை மேல் மாமாவின் கோணல் எழுத்தில் ‘அக்கா வீட்டுக்கு’. உள்ளே காய்ந்து சருகான ஒரு வெற்றிலை.

நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறார். நீ என்னிடம் என்ன சொன்னாய்? “கூடப் பொறந்தவளுக்கு வாட்ஸ்அப்புல பத்திரிகை அனுப்புறான். வாசப்படி ஏறி ஒரு வார்த்தை கூப்பிடல” என்றாய். அந்த வீட்டுக்கு நீ போகவில்லை. சாகும்வரை தம்பியோடு பேசவும் இல்லை. உனக்காக நானும் பேசவில்லை.

அதோடு விட்டேனா? உன் சாவுக்கு அவர் பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்தார். தங்கச்சியோ அக்காவோ, பெண்ணாகப் பிறந்தவளுக்குக் கடைசிச் சேலை பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும். அது தெரிந்தும் வாசலில் வழிமறித்துச் சொன்னேன்: “உசுரோட இருக்கும்போது கூப்பிடத் தெரியல, இப்ப கோடி எதுக்கு? எடுத்துட்டுப் போங்க.” ஊரே பார்த்தது. அவர் திரும்பிப் போகவில்லை. சேலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சுடுகாடு வரை பின்னாலேயே நடந்தார்.

பத்திரிகையைப் பார்த்த அன்று உன் மேல் வந்த கோபத்தை உன்னிடம் மறைக்கமாட்டேன். உன் போட்டோவைத் திருப்பி வைத்தேன். ஒரு பொய்யை இத்தனை வருடம் என் தலையில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறாயே என்று கத்தினேன். சாயங்காலம் போட்டோவைத் திரும்ப நேராக்கினேன். எம்புட்டு நேரம்தான் உன்னோடு சண்டை போடுவது?

ஞாயிற்றுக்கிழமை தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் எடுத்துக்கொண்டு திருமங்கலம் பஸ் ஏறினேன். உள்ளே விடுவார்களா என்று வழியெல்லாம் பயம். கதவைத் திறந்த அத்தை என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஏங்க, யாரு வந்துருக்கான்னு பாருங்க” என்றார். மாமா இளைத்துப் போயிருந்தார்.

“வா ஆத்தா. சாப்பிட்டியா?” என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

நான் பத்திரிகையைக் காட்டி அழுதேன். “அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல மாமா?”

“வாட்ஸ்அப்புல அனுப்புனது என் மகன். எல்லாத்துக்கும் போட்டுவிட்டுட்டான். மூணாம் நாளு நானும் ஒங்க அத்தையும் தட்டோட வந்தோம். தட்டை வாங்கி வச்சுக்கிட்டா. மொகங்கொடுத்துப் பேசல. அவளும் எறங்கி வரல, நானும் விட்டுட்டேன்.” பத்திரிகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “செத்துக் கெடக்குறவளப் பொய் சொன்னவன்னு அவ மக கிட்ட எப்பிடிச் சொல்றது?”

பிறகு எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு கடைப் பையை எடுத்துவந்தார். உள்ளே அந்தக் கோடிச் சேலை. இலைப்பச்சை. “ஒங்கப்பா போனதுக்கப்புறம் அக்கா கலரே கட்டல. போகும்போதாவது கலர்ல போகட்டும்னு எடுத்தேன். இதை ஒங்க அத்தை கட்ட முடியாது, யாருக்கும் குடுக்கவும் முடியாது. தூக்கிப் போடவும் மனசு வரல. நான் எங்க கொண்டு போயி வைக்க?”

அம்மா, என் வீட்டுச் சாமானை ஒழித்ததற்கு எவ்வளவு பெருமைப்பட்டேன்! அவர் பீரோவில் நான் வைத்துவிட்டு வந்ததை என்னவென்று சொல்வேன்? காலில் விழுந்தேன். “வெள்ளிக்கிழமை அம்மாவுக்குத் தெவசம். நீங்க வந்து ஒங்க கையால வைக்கணும் மாமா” என்று தட்டை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வந்தார். படையலில் உன் போட்டோவுக்கு முன்னால் சேலையை வைத்து, “அக்கா, வந்துட்டேன்” என்றார். கும்பிட்டு முடிந்ததும் அதை எடுத்து என்னிடம் கொடுத்து, கட்டிக்கொண்டு வந்து பந்தி பரிமாறச் சொன்னார். உனக்கு வந்த சேலையில் உன் தம்பிக்கு நான் சோறு போட்டேன். உனக்குக் கேட்டதா? இரண்டாவது முறை ரசம் கேட்டார்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். உன் மூக்கு நுனிக் கோபம் எனக்கும் இருக்கிறது, அது போகாது. ஆனால் இனி யார் மேல் கோபம் வந்தாலும் அன்றைக்கே பஸ் ஏறிப் போய், நேரில் நின்று, வாய் வலிக்கச் சண்டை போட்டு முடித்துவிட்டுத்தான் வருவேன். வீட்டுக்குக் கொண்டுவரமாட்டேன்.

இப்படிக்கு,
உன் மகளும்
உன் தம்பிக்கு மருமகளுமான
ரஞ்சிதம்