உட்கார வைத்துச் சொன்ன சேதி

இன்று வகுப்பறை அலமாரியைத் திறந்தால் உன் ஒயர் கூடை. உள்ளே பிளாஸ்க், ஒரு துண்டு. வகுப்பில் நோயாளியின் சொந்தக்காரராக நீ நடிக்கும்போது கையில் பிடித்துக்கொள்ளும் கூடை. வெளியே எடுக்கவும் மனமில்லை, உள்ளே தள்ளவும் மனமில்லை. ஐசியூவுக்குப் புதிதாக வந்த நர்ஸ் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். காலை டியூட்டி முடித்து வந்த எனக்கு நிற்கவே தெம்பில்லை.

சொந்தக்காரர்களிடம் கெட்ட சேதி சொல்லப் பழக்கும் இந்த வகுப்பு நம் இருவர் தலையில் விழுந்த கதை உனக்குத் தெரியும். மல்லசமுத்திரத்து அம்மா ஒருவர் நம் ஐசியூவில் இருந்தார். தேற மாட்டார் என்று உள்ளே எல்லோருக்கும் தெரியும். வெளியே நின்ற மகனிடம் நம் நர்ஸ் ஒருத்தி, "பாத்துக்கறோம், போய்ட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவர் ஊர் போய்ச் சேருமுன் அம்மா போய்விட்டார். வெளியிடத்தில் போன உயிர் என்பதால் ஊர் வழக்கப்படி உடலை வீட்டு வாசலிலேயே கிடத்தினார்கள். பாடுபட்டுக் கட்டிய வீட்டுக்குள் அந்த அம்மாவைக் கொண்டுபோகவில்லை. மகன் திரும்பி வந்து சண்டையெல்லாம் போடவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா உசுரோட ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பமுங்க" என்றார், அவ்வளவுதான். அன்று நீ மதியச் சோற்றைத் தொடவில்லை.

அப்புறம் வகுப்பில் நீ போடாத வேஷமில்லை. ஒரு நாள் மருமகள், ஒரு நாள் லாரி டிரைவர். "ஏனுங்க சாமி, எங்கப்பாருக்கு எப்பிடி இருக்குதுங்க?" என்று நீ வந்து நின்றால் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், பிறகு நின்றபடியே ஏதோ உளறுவார்கள். "நின்னுக்கிட்டுச் சொல்லாத புள்ள. அவங்கள உக்கார வெச்சு, நீயும் உக்காரு" என்பாய். "ஊட்டுக்குக் கொண்டுபோறீங்களான்னு நீயே கேளு. அவங்க வாயில அது வராது."

கடைசியில் நீயே அந்தக் கட்டிலில் படுத்தாய். காய்ச்சல் என்று வந்தவளுக்குச் சிறுநீரகம், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டது. டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனார். உன் வீட்டுக்காரருக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. என்னிடம் வந்து, "நல்லாயிருமுங்களா சிஸ்டர்?" என்றார். உட்கார வைத்தேன், நானும் உட்கார்ந்தேன். "இல்லீங்கண்ணா, இனித் திரும்பாதுங்க. உங்க ஊருக்கு, இளம்பிள்ளை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" சொன்ன வாயை நானே வெறுத்தேன். ஆம்புலன்ஸில் உன் தலைமாட்டில் உட்கார்ந்து, மூச்சுப் பையை அழுத்திக்கொண்டே உன் வீடு வரை வந்தேன்.

உன் காரியத்துக்கு நான் வந்தபோது அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. "நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் இன்னும் கொஞ்சம் நம்பிட்டு இருந்திருப்பேனுங்க" என்றார். இப்போது அஸ்தம்பட்டியில் வண்டியில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சொன்னது சரிதானா என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தாயே, இதற்கு ஒரு வழி சொல்லாமல் போய்விட்டாயே என்று உன் மேல்கூடக் கோபம் வருகிறது.

இன்று ஒரு பிள்ளை கேட்டாள்: "நெசத்தச் சொன்னா நம்மளத்தானுங்க மேடம் திட்டுவாங்க?"

"திட்டுவாங்க. பேச்சே இல்லாமக்கூடப் போயிருவாங்க" என்றேன். அவள் முகம் வாடியது. தேற்ற எனக்குத் தெம்பில்லை. "இருந்தாலும் சொல்லோணும்" என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு அலுத்துவிட்டது. உன் வீட்டுக்காரர் கோபம் அவரோடு இருக்கட்டும். அன்று உன் வீட்டுக்குள், மூச்சுக்கு வைத்த குழாயை எடுத்த பிறகு, உன் மகள் உன் வாயில் பால் ஊற்றினாள். உன் தொண்டை ஒரு தடவை அசைந்து அதை விழுங்கியது. நானும் பார்த்தேன். அவரும் பார்த்தார்.