போன் காட்டிய இடத்தில் என் கணவர் இல்லை

அனுப்புநர்:
பொ. நாகஜோதி, வயது 41,
க/பெ. பொன்னுராஜ்,
காளியம்மன் கோவில் கீழத்தெரு,
செட்டியார்பட்டி,
இராஜபாளையம் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விருதுநகர்.

பொருள்: கருங்காட்டு ஓடை நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்கச் சென்று திரும்பாத என் கணவர் பொன்னுராஜைத் தேடும் பணி நிறுத்தப்பட்டது – அவர் வலை போடும் இடங்கள் பதிவாகியுள்ள கையடக்க ஜிபிஎஸ் கருவி மீனவர் சங்க அலமாரியில் பூட்டிக் கிடப்பது – அதைத் திறந்து, அதில் உள்ள இடங்களில் தேடிய பிறகே மீன்பிடிப்பை அனுமதிக்க வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: சங்கச் செயலாளரிடம் 11.11.2025 அன்று நான் நேரில் கொடுத்த மனு. (பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து தரவில்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு எழுதித் தருபவர் ஒருவரிடம் முதலில் போனேன். அவர் "ஏழை விதவையாகிய நான்" என்று தொடங்கினார். நான் விதவையா இல்லையா என்று தெரியாமல்தான் இந்த மனுவே கொடுக்கிறேன். அதனால் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. என் கணவர் பொன்னுராஜ் மேற்படி நீர்த்தேக்கத்தின் மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர். பரிசலில் தனியாகப் போய்த் தங்கூசி என்னும் நைலான் நரம்பு வலை போட்டுப் பிடிப்பவர். நான் இராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்க்கிறேன். மகள் கார்த்திகா பிளஸ் டூ படிக்கிறாள். கடந்த 06.11.2025 வியாழக்கிழமை விடியும் முன்பே அவர் வலைக்குப் போனார். அன்று காலையில் மலையிலிருந்து காற்றும் மழையும் சேர்ந்து இறங்கியது. மதியம் அவருடைய பரிசல் மட்டும் கரைக் கல்லில் வந்து தட்டி நின்றது. பரிசலின் மூங்கில் சட்டத்தில், பாலித்தீன் பையில் சுற்றி அவருடைய செல்போன் கட்டியிருந்தது. அவர் இல்லை. துடுப்பு இல்லை. வலையும் இல்லை.

2. தீயணைப்புத் துறையினரும் காவல் துறையினரும் மூன்று நாட்கள் மழையில் நனைந்துகொண்டு தேடினார்கள். அவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. அவர்களில் ஒருவர் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தை என் மகளிடம் கொடுத்தார். ஆனால் அவர்கள் தேடியது அணை மதகை ஒட்டியுள்ள மதகுத் திட்டைச் சுற்றி. சங்கத்தின் மீன்பிடி ஆப்பில் என் கணவர் கடைசியாக அங்கேதான் இருந்ததாகக் காட்டியது. அவர் அங்கே இல்லை, அங்கே இருக்கவும் முடியாது. அது ஏன் என்று தாங்கள் அறிய வேண்டுமானால், கருவியா ஆப்பா என்று சங்கத்தில் நடந்த கூட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

3. நீர்த்தேக்கத்தின் மலைப்பக்கத்தில் டவர் கிடையாது. அணை கட்டும் முன்பு அங்கே இருந்த தோப்புகளின் அடித்தூர்களும் கிணறுகளும் இன்றும் தண்ணீருக்குள் கிடக்கின்றன. மீன் அண்டுவது அங்கேதான். பத்தடி தள்ளிப் போட்டால் வலை வெறுமனே வரும். சரியாகப் போடத் தெரியாவிட்டால் தூரில் மாட்டி வலையே கிழிந்துவிடும். அதனால் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு சங்கத்தின் வழியாகச் சிலருக்குக் கையடக்க ஜிபிஎஸ் கருவி கொடுத்தார்கள். என் கணவருக்கும் ஒன்று கிடைத்தது. தனக்கு மீன் கிடைக்கும் இடங்களை அவர் ஒவ்வொன்றாக அதில் பதிந்து வைத்தார். பனிமூட்டத்திலும் அது அவரை அங்கே கொண்டுபோய் விட்டது.

இன்னொன்றும் தாங்கள் அறிய வேண்டும். இந்தத் தொழிலில் வலை போடும் இடத்தை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். உடன் பிறந்தவரிடமும் சொல்ல மாட்டார்கள், பெண்டாட்டியிடமும் சொல்ல மாட்டார்கள். எங்கே போட்டீர்கள் என்று கேட்பதே மரியாதைக் குறைவு. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நானும் கேட்டதில்லை.

4. இந்த ஆண்டு சித்திரையில் சங்கக் கூட்டம் நடந்தது. கருவி வேண்டுமா, போனில் ஆப் வேண்டுமா, இரண்டில் ஒன்றைத்தான் சங்கம் நடத்த முடியும் என்று செயலாளர் திரு. முத்துராமலிங்கம் சொல்லியிருக்கிறார். அவர் பேசியதை என் கணவர் அன்று மாலை வீட்டில் அப்படியே பேசிக் காட்டினார்: "போனு எல்லாரு கையிலயும் இருக்கு. தமிழ்ல பேசும். காத்து வருது, மழை வருதுன்னு சொல்லும். யாரு எங்க நிக்காகன்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிடலாம். ஆபத்துன்னா ஓடிப் போயி தூக்கலாம்ல." இதில் எதுவும் பொய் இல்லை ஐயா. கருவியின் திரை தீப்பெட்டி அளவுதான் இருக்கும், எழுத்தெல்லாம் இங்கிலீஷ். காசும் அதிகம். கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் நானும் ஆப்புக்குத்தான் கை தூக்கியிருப்பேன்.

என் கணவர் மட்டும் எழுந்து, "மெஷினு எனக்கு மட்டுந்தான் சொல்லும். ஒங்க போனு ஊரு பூராஞ் சொல்லுமே" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். கை தூக்கச் சொல்லி ஆப் என்று முடிவானது. கருவிகளைத் திரும்ப வாங்கி, சங்க அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அவரிடம் இருந்த கருவியும் அதற்குள்தான் இருக்கிறது.

5. அவர்கள் அன்று சிரித்தார்களே தவிர, அவர் சொன்னதுதான் எல்லோர் மனதிலும் இருந்திருக்கிறது. அந்த ஆப்பில் யாருடைய பரிசல் எங்கே நிற்கிறது என்பதை மற்ற எல்லோரும் பார்க்கலாம். டவர் இல்லாத இடத்தில் போன தடத்தையும், டவர் வந்ததும் அது காட்டிக் கொடுத்துவிடும். ஒருவர் தோண்டி வைத்ததை இன்னொருவர் அள்ளிப்போக யார் விடுவார்கள்? ஆகவே உறுப்பினர்கள் அனைவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மதகுத் திட்டு வரைக்கும் போனைப் போட்டுக்கொண்டு போவது. திட்டு வந்ததும் அணைத்துவிடுவது. அதன்பிறகு அவரவர் இடத்துக்குப் போவது. திரும்பும்போது திட்டுக்கு வந்து மறுபடி போட்டுக்கொள்வது. இப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்கு என் கணவர் காணாமல் போன பிறகுதான் தெரியும். உடன் தொழில் செய்யும் ஒருவர் துக்கம் கேட்க வந்தபோது, பின்வாசலில் நின்று என்னிடம் சொன்னார்:

"மதினி, அண்ணன் அங்க இருக்க மாட்டாக. திட்டு வந்ததும் நாங்க அம்புட்டுப் பேரும் போனை அமத்திருவோம். பொறவு அவிய அவிய எடத்துக்குப் போவாக. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராதிய, சங்கத்த விட்டுத் தூக்கிருவாங்க."

அவர் பெயரை நான் எழுதவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டேன். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சாட்சி இல்லாமல் எப்படி நம்புவது என்று தாங்கள் கேட்கலாம். ஆப்பில் பழைய நாட்களின் தடம் இருக்கிறது. எந்த நாளை எடுத்துப் பார்த்தாலும் எல்லாப் பரிசல்களின் கோடும் அந்தத் திட்டில் போய் அறுந்து, காலையில் அதே திட்டிலிருந்து தொடங்கும். சங்கத்துப் பரிசல்கள் முழுவதும் ஒரு திட்டைச் சுற்றி நின்றுகொண்டு இத்தனை மீன் பிடிக்க முடியுமா என்பதைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

6. பரிசலில் இருந்த போனைக் காவல் நிலையத்தில் என் முன்னால்தான் போட்டுப் பார்த்தார்கள். உடனே வேலை செய்தது. பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. தண்ணீர் புகுந்து அது அணையவில்லை, அவர் கையால் அணைத்திருக்கிறார். இதை வைத்துத்தான் அவர் தண்ணீரில் இல்லை என்று சங்கத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். செயலாளர் என்னிடம் சொன்னது: "போனை அமத்திட்டு, பரிசலத் தள்ளி விட்டுட்டு எங்கிட்டாச்சும் போயிருப்பாரும்மா. கேரளாப் பக்கம் விசாரிச்சுப் பாருங்க. வீட்ல எதும் சண்டையா?"

நனைந்த வலையையும் துடுப்பையும் தூக்கிக்கொண்டு எந்த ஆம்பிளை ஐயா வீட்டைவிட்டு ஓடுவார்? அவருடைய செருப்பு கரையில் கிடக்கிறது. சட்டை பரிசல் கட்டும் கட்டையில் தொங்கியது. ஆனால் இந்தப் பேச்சு ஊர் முழுவதும் பரவிவிட்டது. மில்லில் என் பக்கத்து மெஷினில் நிற்கிறவளே என்னிடம் ஜாடையாகக் கேட்கிறாள். என் மாமியார் வெள்ளத்தாய் எனக்குப் பூ எடுத்து வைப்பதா, எடுத்துப் போடுவதா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு அழுகிறார். சங்க விதிப்படி போனை அணைத்தது தவறுதான். அதற்கு என்ன தண்டனையோ அதை அவருக்குக் கொடுக்கட்டும். முதலில் அவரைக் கண்டுபிடிக்கட்டும்.

7. தண்ணீரில் போனவர் மூன்றாம் நாள் மேலே வந்துவிடுவார் என்று தேட வந்தவர்கள் சொன்னார்கள். இவர் வரவில்லை. வரவில்லை என்றால் அடியில் ஏதோ பிடித்து வைத்திருக்கிறது. மதகுத் திட்டைச் சுற்றி அடியில் வெறும் மணல். அங்கே பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. தூரும் வலையும் இருக்கும் இடம் மலைப்பக்கம்தான்.

8. இதற்கிடையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கண்மாயில் ஆண் உடல் ஒதுங்கியிருப்பதாகத் தகவல் சொல்லி என்னை வரச் சொன்னார்கள். மகளை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போனேன். துணியை விலக்கிக் காட்டினார்கள். அது என் கணவர் இல்லை, யாரோ வயதானவர். இல்லை என்றதும் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டு, இவராக இருந்திருக்கக் கூடாதா என்று அழுதேன். என்னை இப்படி நினைக்கும்படி ஆக்கியது எது என்பதைத் தாங்கள் உணர்வீர்கள் என்று நம்புகிறேன்.

9. கருவியைத் திறந்து பார்க்கும்படி 11ஆம் தேதி சங்கத்தில் கேட்டேன். தணிக்கை முடியாமல் அலமாரியைப் பிரிக்க முடியாது, பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும் என்றார்கள். நான் மில்லில் பதினெட்டு வயதிலிருந்து மெஷினோடு நிற்கிறவள். ஒரு மெஷினை ஆன் செய்வதற்குத் தீர்மானம் போட்டு நான் பார்த்ததில்லை. விடாமல் நின்று கேட்டதும் செயலாளர் உள்ளதைச் சொன்னார்: "அதத் தொறந்து தேடுனா, ஆப் சரியில்லைன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்மா." இதைச் சொல்லும்போது அவர் முகம் கொடூரமாக ஒன்றும் இல்லை. பயந்த முகம்தான். பயந்தவருக்காக நான் எத்தனை நாள் காத்திருப்பது?

10. தேடுதலுக்காக நிறுத்தி வைத்த மீன்பிடிப்பு வரும் 20.11.2025 வியாழக்கிழமை மறுபடி தொடங்கும் என்று சங்கப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டார்கள். கார்த்திகை பிறந்துவிட்டது, மாலை போட்டவர்கள் வாங்க மாட்டார்கள், இருக்கிற வியாபாரத்தையும் விட முடியாது என்கிறார்கள். அதே நாளில் பழைய கருவிகளில் உள்ளதையெல்லாம் அழித்துத் திருப்பி அனுப்பப் போவதாகவும் கேள்விப்பட்டேன். வியாழக்கிழமை வலையில் வரும் மீன் எங்கள் ஊருக்கும் வரும். அது எதைத் தின்று வளர்ந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

11. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது: வியாழக்கிழமைக்கு முன்பாக அந்த அலமாரியைத் தங்கள் அலுவலர் ஒருவர் முன்னிலையில் திறக்க உத்தரவிட வேண்டும். என் கணவரின் கருவியை ஆன் செய்து, அதில் பதிந்துள்ள ஒவ்வொரு இடத்துக்கும் தீயணைப்புத் துறையினரை அனுப்ப வேண்டும். அதுவரை நீர்த்தேக்கத்தில் வலை இறக்கக் கூடாது. போனை அணைத்ததற்காக மற்ற உறுப்பினர்கள்மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பிழைக்கிறவர்கள்.

கருவியைத் திறந்தால் தேடக் கூடவே வருவதாக இப்போது சில பேர் சொல்கிறார்கள். அவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வரட்டும். அந்த இடங்கள்தான் என் மகளுக்கு அவர் சேர்த்து வைத்த சொத்து. என் மைத்துனர் ஒருவர் பரிசல் எடுத்தால் அதை வைத்து எங்கள் குடும்பம் நிமிர்ந்துவிடலாம் என்று சொந்தத்தில் சொல்லிப் பார்த்தார்கள், திறக்கச் சொல்லாதே என்றார்கள். எனக்கு வேண்டாம் ஐயா. எல்லா இடத்தையும் எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும், எழுதிக்கொள்ளட்டும், நாளை முதல் அங்கேயே வலை போட்டுக்கொள்ளட்டும். அவரை மட்டும் எடுத்து எங்களிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

உத்தரவு கிடைக்கும்வரை தங்கள் அலுவலக வளாகத்தில் வேப்ப மரத்தடியில் இருப்பேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்துவிடுவேன்.

இடம்: விருதுநகர்
நாள்: 17.11.2025

(ஒப்பம்)
பொ. நாகஜோதி

இணைப்பு:
1. காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல்.
2. சங்க உறுப்பினர் அட்டை நகல்.
3. மேற்படி கருவிக்குப் போடும் பேட்டரிக் கட்டை – இரண்டு. புதியது.