விலைத்தாளில் விட்டுப்போன நாலு பேர்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. ரெயின்கோட்டில் கிழிசல், ஒட்டணும். கேஸ் சிலிண்டர் பதியணும். சிங்கப்பெருமாள் கோயிலில் ரயில் ஏறி செங்கல்பட்டு ஆபீஸ் வருவதற்குள் சாக்ஸ் வரை ஈரம்.

மூன்று மணிக்கு டெண்டர் திறந்தார்கள். மாமல்லபுரம் கடற்கரை அரசு விருந்தினர் இல்லம். துப்புரவு, தோட்டம், காவலுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தம், இரண்டு வருஷம். நமக்கே! எல்லாரையும்விடக் குறைந்த விலை நம்முடையது. முதலாளி அறையிலிருந்து ஓடிவந்து முதுகில் தட்டினார். "பின்னிட்ட சேகரு! ரெண்டாவது வந்தவன் எங்கியோ கீறான்."

மனைவி கலாவுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். பதினோரு வருஷமாக இந்தக் கம்பெனிக்கு விலை போடுகிறேன், இவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்ததே இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

தூறல். பைக் பிரேக் கட்டை மாற்றியாச்சு.

அந்த வித்தியாசம் உறுத்திக்கொண்டே இருந்தது. விலைத்தாளைத் திரும்ப எடுத்தேன். ஐந்தாவது வரியில் பிடிபட்டது. மாதத்துக்கு 26 நாள்.

போன மாதம் வேறோர் அரசு அலுவலகத்துக்கு விலை போட்டேன். அங்கே ஞாயிறு பூட்டு, அதனால் 26. அதே தாளை நகல் எடுத்து, பெயரையும் ஆள் எண்ணிக்கையையும் மாற்றி அனுப்பித் தொலைத்திருக்கிறேன். விருந்தினர் இல்லத்துக்கு ஏது ஞாயிறு? 24 இடத்திலும் தினம் ஆள் நிற்கணும். ஒவ்வொருவரும் வாரம் ஒரு நாள் லீவு போகும்போது அந்த இடத்தில் நிற்க ரிலீவர் நாலு பேர். அந்த நாலு பேருக்கு என் தாளில் ஒரு பைசா இல்லை.

இப்போது அங்கே ஓடும் ஒப்பந்தமும் நம்முடையதுதான். நாலு ரிலீவரும் பெண்கள். அதில் ஒருத்தி மல்லிகா, எங்கள் வேன் ஓட்டிய ஏழுமலையின் மனைவி. போன வருஷம் ஜி.எஸ்.டி. ரோட்டு விபத்தில் ஏழுமலை போய்ச் சேர்ந்தபின், முதலாளியிடம் மன்றாடி அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்.

பதினோரு வருஷ அனுபவமாம். மடையன்.

நவம்பர் 5, புதன்

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"இப்ப பின்வாங்குனா டெபாசிட் போவும். அப்பால எந்த டெண்டருக்கும் கிட்ட வுட மாட்டானுங்க. அறுவது குடும்பம் கீது நம்மள நம்பிகினு."

"அந்த நாலு பேரு சார்?"

"டிசம்பர்லருந்து ரிலீவர் வாணாம். இருக்கறவங்களே மாத்தி மாத்தி பாத்துக்கட்டும்."

"அப்ப அவங்க லீவு?"

"நீ போட்ட கணக்குல லீவு எங்க கீது? நீயே சொல்லு."

என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். "மொத்தமும் குடுத்தாலும் ரெண்டு பேருக்குத்தான் வரும் சேகரு. உன் வூட்ல இன்னா துன்னுவீங்க?"

கெட்ட மனுஷர் இல்லை. கெட்டவராக இருந்தால் அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில். துணியெல்லாம் காய்ந்தது. அம்மாவுக்கு பி.பி. மாத்திரை 2 அட்டை. கரண்ட் பில்.

கலாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள். "வேலை இல்லன்னு அவங்களுக்கு லெட்டர் போறதுக்கு முன்ன நீங்களே நேர்ல போய் சொல்லிடுங்க. தப்பு உங்களுதுன்னும் சொல்லுங்க. அது தெரிஞ்சிக்க அவங்களுக்கு உரிமை இருக்குல்ல?"

சரிதான். சொல்வது அவளுக்குச் சுலபம்.

நவம்பர் 10, திங்கள்

மேகமூட்டம், நல்ல காற்று. மாமல்லபுரத்துக்குத் திருக்கழுக்குன்றம் வழி பஸ். ஜன்னல் ஓரம். வழி நெடுக மனசுக்குள் ஒத்திகை: "நான்தான் மல்லிகா. என் தப்பு." இவ்வளவுதான். இதற்கா இத்தனை வியர்வை?

நாலு பேரையும் சாமான் அறையில் உட்காரவைத்துச் சொன்னேன். இந்த மாதத்தோடு வேலை இல்லை. வேறு இடம் வந்தால் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவோம்.

ஒருத்தி அழ ஆரம்பித்தாள். இன்னொருத்தி சத்தம் போட்டாள். "பொண்ணு காலேஜ் பீஸ் நீயா கட்டுவ? நாங்க இன்னா தப்பு பண்ணோம்?" நியாயமான கேள்வி. ஒரு தப்பும் பண்ணவில்லை.

மல்லிகா மட்டும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிதானமாகக் கேட்டாள். "யாருண்ணா இந்தக் கணக்கு போட்டது?"

நாலு முகமும் என்னைப் பார்த்தன. வாயைத் திறந்தேன்.

"கம்ப்யூட்டரும்மா" என்றேன்.

"அது நாசமாப் போவ!" என்று கையை உதறினாள். பிறகு மற்றவர்களிடம் திரும்பினாள். "ஏய், அண்ணன இன்னாத்துக்குடி கத்துறீங்க? கம்ப்யூட்டர் பண்ணதுக்கு அவரு இன்னா பண்ணுவாரு? நம்ம மூஞ்சிய பாத்து சொல்லணும்னு இம்மாந்தூரம் வந்துகீறாரு பாரு."

கிளம்பினேன். கேட் வரை பின்னாலேயே வந்தாள், கையில் டிபன் டப்பா.

"மூஞ்சியே வாடிக் கீது. காலைல துன்னியா இல்லியா? நெத்திலி கொழம்புண்ணா. துன்ட்டு போ. நான் வூட்ல போய் துன்னுக்கறேன்."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் வேறு யாருமில்லை.

காவல்காரர் நாற்காலியில் உட்கார்ந்தேன். டப்பாவைத் திறந்து எதிரே வைத்தாள். முழுவதும் சாப்பிட்டேன்.